கொல்லி மழவன் மகளும் நம் வீட்டுப் பெண்களும்

திருச்சியிலிருந்து முசிறி வழியாக நாமக்கல் செல்லும் சாலையில், கொள்ளிடத்தின் வடகரையில் திருவாசி என்னும் சிற்றூர் இருக்கிறது. தேவாரத்தில் அதன் பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். மாற்றுரைவரதரும் பாலாம்பிகையும் எழுந்தருளியுள்ள அத்தலத்துக்குச் சென்று வந்த அன்பர்கள், அங்குள்ள நடராசப் பெருமானின் திருவடியைக் கவனித்திருப்பார்கள். மற்றத் தலங்களில் அத்திருவடியின் கீழ் முயலகன் கிடப்பான். இங்கே முயலகன் இல்லை. பாம்பின் மீது பெருமான் ஆடுகிறார்.

தல வரலாறு இதற்கு ஒரு காரணம் சொல்லும். அந்நிகழ்ச்சியைச் சேக்கிழார் பெருமான் திருஞானசம்பந்தர் புராணத்தில் பாடியிருக்கிறார். நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பகுதியை ஆண்டவன் கொல்லி மழவன். அவனுடைய மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. வலிப்பு நோய்க்குப் பழந்தமிழில் வழங்கிய பெயரே முயலகன். வடமொழியில் அதனை அபஸ்மாரம் என்பர்; நினைவு தவறுதல் என்பது பொருள். செய்வதறியாத தந்தை, மகளைக் கொண்டுவந்து திருவாசிக் கோயிலில் கிடத்தினான். அவ்வேளையில் ஞானசம்பந்தர் அங்கு எழுந்தருளினார். உணர்வின்றிக் கிடந்த பெண்ணைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். மழவன் மறைக்காமல் சொன்னான். பிள்ளையார் அருளோடு கேட்டு, பதிகம் பாடினார். பெண் எழுந்து தந்தையின் அருகே வந்து நின்றாள்.

இக்கதையை நினைக்கும்போதெல்லாம் இரண்டு செய்திகள் அடியேன் மனத்தில் நிற்கின்றன. தந்தை நோயை மறைக்கவில்லை. ஞானப்பிள்ளையாரோ முதலில் கேட்டறிந்தார். அந்தப் பெண்ணின் மீது ஒரு குற்றமும் சொல்லவில்லை. அவளுக்காக இறைவனிடமே நியாயம் கேட்டார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இச்செய்தி, பிள்ளை பெற்று வீட்டில் படுத்திருக்கும் நம் பெண்களைப் பற்றி எழுத என்னைத் தூண்டுகிறது. பச்சை உடம்புக்காரிக்கு வலிப்பு வந்தால் அதை முதலில் காண்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். பக்கத்தில் அமர்ந்திருக்கும் நாம்தாம். குறிப்பாக, பேறுகாலம் பார்க்கும் பாட்டிமார்கள்தாம்.

1986ஆம் ஆண்டு. இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர்க் கிளையில் இளம் அதிகாரியாக இருந்தேன். எங்கள் கிளையின் கடைநிலை ஊழியருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அனைவருக்கும் சர்க்கரை கொடுத்தார். தாய்வீட்டில் இருந்த அவர் மனைவி இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பதினொன்றாம் நாள் விடியற்காலை கைகால் இழுத்தது. மூன்று முறை அவ்வாறு இழுத்து, நண்பகலுக்குள் உயிர் பிரிந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற எங்களிடம் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: “சன்னி கண்டுடுச்சு.” அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்பது போன்ற சொல் அது.

சில நாள் கழித்து அவர் பணிக்குத் திரும்பினார். வருங்கால வைப்பு நிதிப் படிவத்தில் வாரிசாக இருந்த மனைவியின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். “இன்னும் பேரு வைக்கலீங்க” என்றார். அந்தப் படிவம் பல நாள் என் மேசை அறையில் நிரப்பப்படாமல் கிடந்தது.

சன்னி என்று அன்று சொல்லப்பட்டது எதுவாக இருந்திருக்கும் என்பதை இன்று மருத்துவ நூல்கள் தெளிவாகவே சொல்கின்றன. பல நோய்கள் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருந்தன. அவற்றுள் முதன்மையானது, கர்ப்பத்தோடு தொடர்புடைய உயர் இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு. மருத்துவர்கள் இதனை எக்லாம்சியா என்பர். இரத்தக் குழாய்கள் இறுகி, அழுத்தம் ஏறி, மூளை வீங்குவதால் இது நேர்கிறது. குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது முழு உண்மை அன்று. பேற்றுக்குப் பின்வரும் இவ்வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது என்றாலும், ஆறு வாரம் வரையிலும் வரக்கூடும். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை இரத்த அழுத்தம் இயல்பாகவே ஏறும் காலம். பெரும்பாலான பெண்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கும் நாட்களும் அவையே. கர்ப்ப காலம் முழுதும் அழுத்தம் சரியாக இருந்த பெண்ணுக்கும் பின்னர் ஏறலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்நோய் சொல்லாமல் வருவது குறைவு. பெரும்பாலும் முன்னரே குறி காட்டும். விடாத கடுந்தலைவலி, கண் மங்குதல், கண்முன் மின்மினி பறப்பது போன்ற தோற்றம், மேல் வயிற்றில் வலி, வாந்தி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை அக்குறிகள். அழுத்தம் 140/90 என்ற அளவைத் தொட்டாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 160/110 என்றால் அது அவசர நிலை.

2019ஆம் ஆண்டு என் தங்கை மகளுக்கு முதற்பிரசவம். ஒன்பதாம் நாள், தாய்மாமன் என்ற முறையில் வெள்ளி அரைஞாணோடு அவ்வீட்டுக்குச் சென்றிருந்தேன். பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். “தலை பொளக்குது மாமா, வெளிச்சத்தைப் பார்த்தாப் பூச்சி பறக்குற மாதிரி இருக்கு” என்றாள். பேறுகாலம் பார்க்க வந்திருந்த என் சின்னம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. ஊரில் பல வீடுகளில் பச்சை உடம்புக்குக் காயம் இடித்துக் கொடுத்த கை. “ராத்திரியெல்லாம் கண் முழிக்குறா, அதான் தலைவலி” என்றார். சிசேரியன் செய்தபோது முதுகில் போட்ட ஊசியால் இருக்கும் என்றார் இன்னொருவர்.

குழந்தையின் எடை பார்க்கக் கிராம சுகாதார செவிலியர் அன்று வந்தது இறையருளே. குழந்தையை எடை பார்த்து முடித்ததும் தாயின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். 170/110. இரண்டாம் முறை பார்த்தார், அதே அளவு. “பாட்டி, இது சூடும் இல்லை, தூக்கமின்மையும் இல்லை. இப்பவே கிளம்பணும்” என்று சொல்லி 108க்கு அழைத்தார்.

வண்டி வருவதற்குள் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பார்வை ஒரு பக்கமாக நிலைகுத்தியது. உடல் விறைத்தது, பிறகு கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். “கையில ஒண்ணும் கொடுக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க” என்று செவிலியர் தடுத்தார். பெண்ணை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தலைக்கடியில் மடித்த சேலை. வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்தார். சின்னம்மா குழந்தையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நிமிடம். ஒரு யுகம் போல இருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டு, உடனே சேலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் கழித்து வீடு திரும்பினாள். அழுத்த மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்டாள். இன்று அந்தக் குழந்தை பள்ளிக்குச் செல்கிறது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மாலை சின்னம்மா என்னிடம் சொன்ன சொல்லை நான் மறக்கமாட்டேன்: “எங்க காலத்துல இதைத்தான் சன்னின்னு சொல்லிப் பொதச்சுட்டு வந்தோம் சாமி.”

அந்த முதல் ஊசி மருந்தின் பெயர் மக்னீசியம் சல்பேட். எப்சம் உப்பு என்று நாம் அறிந்த அதே பொருள்தான், ஊசிக்கென்று தூய்மையாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் எக்லாம்சியா கண்ட 1,687 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. அக்காலத்தில் வழங்கிய டயஸிபாம் மருந்தைவிட இம்மருந்து பெற்றவர்களுக்கு மீண்டும் வலிப்பு வருவது 52 விழுக்காடு குறைவு; பெனிட்டாயின் மருந்தைவிட 67 விழுக்காடு குறைவு. 2002ஆம் ஆண்டு 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு, அழுத்தம் ஏறிய நிலையிலேயே இம்மருந்தைக் கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பே பாதிக்கும் மேல் குறைகிறது என்று காட்டியது. விலை உயர்ந்த மருந்தன்று. ஆனால் அளவு தவறினால் மூச்சையே நிறுத்திவிடும். ஆகவே மருத்துவப் பணியாளரின் கையால் மட்டுமே கொடுக்கத்தக்கது. மருந்து இருக்கிறது; அது இருக்கும் இடத்துக்குப் பெண் போய்ச் சேர வேண்டும் என்பதே செய்தி.

சன்னி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த இரண்டாவது நோய், மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. நம் நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களிடம் இது அரிதன்று. நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்ப காலத்திலும் பேற்றுக்குப் பின்னும் மூளை இரத்தக் குழாய் அடைப்பு நேர்ந்த 135 பேரைப் பற்றி 1983ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்ந்துபோதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். பேற்றுக்குப் பின் பெண்ணின் இரத்தம் இயற்கையாகவே எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். இரத்தப் போக்கிலிருந்து காக்க இறைவன் வைத்த ஏற்பாடு அது. அந்நேரத்தில் உடம்பில் நீர் வற்றினால் உறைதல் மிகும்.

இங்கே நம் பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். சுக்கும் பூண்டும் மிளகும் கொடுப்பதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் “தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்” என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தாகம் கூடுதல். சித்திரை, வைகாசி வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில், தண்ணீரும் இல்லாமல் கிடப்பது அவள் உயிரோடு விளையாடுவதாகும். தாகத்துக்கு வேண்டிய அளவு தண்ணீர் கொடுங்கள். அறைக்குள்ளாவது எழுந்து நடக்கச் சொல்லுங்கள். பத்தியத்தில் இந்த ஒன்றை மட்டும் தளர்த்தினால் போதும்.

மூன்றாவது, முன்பிருந்தே வலிப்பு நோய் உள்ள பெண். இங்குதான் கொல்லி மழவனை நான் அதிகம் நினைக்கிறேன். அவன் சபையறிய மகளைக் கொண்டுவந்தான்; நாமோ மறைக்கிறோம். கல்யாணம் கெட்டுவிடும் என்று மறைத்து, புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடச் சொல்கிறோம். கர்ப்பமானால் குழந்தைக்கு ஆகாது என்று தானாகவே நிறுத்திவிடுகிறாள். பேற்றுக்குப் பின் இரவுத் தூக்கம் கெடுகிறது. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும். மருந்தும் இல்லை, தூக்கமும் இல்லை என்றால் என்ன நடக்கும்?

வங்கியில் இருந்த காலத்தில் சட்ட நூல்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் ஒரு காலத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் விட்டுவிட்டதை நம் மனம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1998 முதல், வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே தனிப் பதிவேடு வைத்துக் கவனித்து வருகிறார்கள். அத்தகைய பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகிறார்கள் என்பது மருத்துவ உலகம் அறிந்த உண்மை. சில மருந்துகள், குறிப்பாக சோடியம் வால்புரோயேட், கருவுக்குத் தீங்கானவை. அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. பெரும்பாலான மாத்திரைகளோடு தாய்ப்பாலும் கொடுக்கலாம். அவள் தரையில் பாய் விரித்து அமர்ந்து பால் கொடுக்கட்டும்; குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம்; இரவில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் விழித்திருக்கட்டும். திருச்செங்கோட்டில் பாதியாக நிற்கும் அம்மையப்பனை வணங்குகிற நாம், அந்த இன்னொருவராகக் கணவனே இருக்கட்டும் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வலிப்பு எப்போதும் கைகால் இழுப்பாகவே வருவதில்லை. பேசிக்கொண்டிருப்பவள் சட்டென்று நின்று, வெறித்துப் பார்த்து, கூப்பிட்டால் கேளாதவளாகச் சில நொடி இருப்பாள். உதட்டைச் சப்புக்கொட்டுவாள், ஒரு கை மட்டும் துடிக்கும். பிறகு ஒன்றும் நினைவிராது. பெரிய வலிப்பானால் உடல் விறைத்து, உதடு நீலமாகி, நாக்கைக் கடித்து, சிறுநீர் கழிந்து, முடிந்தபின் குழப்பத்தோடு தூங்குவாள். இவற்றைக் கண்டு நினைவில் வைத்திருந்து மருத்துவரிடம் சொல்வதே பேருதவி. இயன்றால் ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கட்டும்.

வந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சில. குழந்தையை அவள் கையிலிருந்து வாங்குங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்தில் இறுக்கமானவற்றைத் தளர்த்துங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பு, சாவி, கரண்டி, துணி எதையும் கையிலோ வாயிலோ திணிக்க வேண்டாம். தண்ணீரோ கஷாயமோ புகட்ட வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஏற்கெனவே வலிப்பு நோயுள்ளவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனை என்பார்கள். பிள்ளை பெற்று ஆறு வாரத்துக்குள் இருப்பவளுக்கோ அந்தக் கணக்கு இல்லை. ஒரு நொடி வந்து நின்றுவிட்டாலும் அப்பொழுதே 108க்கு அழைக்க வேண்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடும் அந்த வண்டிக்குக் கட்டணம் இல்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கொல்லிமலைக்கு அப்பால் திருவாசி வரை மகளைச் சுமந்து சென்ற தந்தையின் காலமன்று இது.

இனி, பக்தர்கள் மனத்தில் எழும் கேள்விக்கு வருகிறேன். காற்று கருப்பு என்று பூசாரியை அழைப்பதா, அம்மன் வந்திருக்கிறாள் என்று விபூதி போடுவதா? ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் சந்நிதியில் அருள் வந்து ஆடுவோரைக் கண்டு கைகூப்பியே வளர்ந்தவன் நான். அருளை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவளுக்கு வருவது அருளா நோயா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நெற்றியில் திருநீறு இட ஒரு நொடி போதும்; இட்டுவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொள்ளுங்கள். அந்த முடிச்சு மருத்துவமனை வாசலிலும் பலிக்கும். தீட்டு என்று தொடத் தயங்குவோரும் உண்டு. உயிருக்கு ஆபத்து வந்த இடத்தில் தீட்டு இல்லை. திருச்சிராப்பள்ளியில் பேறுகாலம் பார்க்கத் தாயாகவே வந்தமர்ந்த பெருமான் தீட்டுப் பார்க்கவில்லையே.

ஒரு வீட்டில் இளைஞர்கள் பத்துப் பேர் இருந்தாலும், பெரியவர் வாயைப் பார்த்துத்தான் நிற்பார்கள். “கொஞ்சம் பார்க்கலாம்” என்று நாம் சொன்னால் காத்திருப்பார்கள். “கிளம்புங்க” என்றால் கிளம்புவார்கள். அந்த ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. வளைகாப்பு அன்று பெண்ணுக்குச் சந்தனம் பூசி, வளையல் அடுக்கி வாழ்த்துகிறோம். அன்றைக்கே அவள் தாயையும் மாமியாரையும் கணவனையும் அருகே அழைத்து மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: பிள்ளை பிறந்த பின்னும் அழுத்தம் பார்க்க வேண்டும், அதிலும் முதல் வாரத்தில் தவறவே கூடாது, தலைவலியும் கண்மங்கலும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது. பூசையறைச் சுவரில் 108 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். நாமாவளிக்கும் அதே எண்தானே, நினைவில் நிற்கும்.

பாலாம்பிகை நம் பெண்களையும் அவர்கள் மடியில் தவழும் குழந்தைகளையும் காத்தருள்வாளாக.